விமியத்தில் 'ஒய்' (y) கொடுத்துத் தேடினால் யூடியூப் வரவில்லை, அவசரம்

கொழிஞ்சாம்பாறைக்காரன்: தென்னையில் சுருள் வெள்ளை ஈ பற்றிய காணொளிகளை நாளைக் காலை எங்கள் ஊர் விவசாயிகளுக்குக் காட்ட வேண்டும். விமியம் என்ற உலாவி நீட்சியின் (விசைகளாலேயே உலாவ உதவும் கூடுதல் நிரல்) தேடல் பெட்டியில் தேடினால் யூடியூபுக்குப் போகாமல் கூகுளுக்குப் போகிறது. சில வேளை பெட்டியே திறப்பதில்லை. முந்தாநாள் வரை சரியாக இருந்தது. விரைந்து உதவுங்கள்.

வாளையாறு வாசகன்: எந்த உலாவி, பெட்டியில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லவில்லையே. விமியத்தின் தேடுபொறிப் பட்டியலில் யூடியூபுக்கான வரி முதலில் # குறியுடன்தான் இருக்கும்; அதை நீக்கிச் சேமித்தால்தான் 'ஒய்' வேலை செய்யும். நீக்கினீர்களா?

மலம்புழா: புதிய தாவலில் நின்றுகொண்டு விசையை அழுத்துகிறார் என்பது என் கணிப்பு. குரோமின் புதிய தாவல் பக்கத்தில் விமியம் இயங்காது. ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: குரோம்தான். # எப்போதோ நீக்கியாயிற்று. வேறு தளத்திலும் இதே கதைதான்.

மூத்த உறுப்பினர்: தம்பி, முகவரிப் பட்டையிலேயே தளத் தேடலுக்குச் சுருக்கச்சொல் வைத்துக்கொள்ளும் வசதி குரோமில் இருக்கிறது. அடிப்படையைக் கற்காமல் நீட்சிகளைப் போட்டுக்கொண்டு பிறகு அவசரம் என்று வந்து நிற்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

மலம்புழா: ஐயா, ஒரே விசையில் பெட்டியைத் திறப்பவருக்கு முகவரிப் பட்டை எதற்கு?

மூத்த உறுப்பினர்: அந்த ஒரு விசைதான் இப்போது திறக்கவில்லை என்கிறார்.

வாளையாறு வாசகன்: இந்த வழக்கு பிறகு நடக்கட்டும். கேட்டவரே, கூகுள் பக்கத்தின் தேடல் கட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது? அப்படியே ஒட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: ள தென்னை வெள்ளை ஈ

வாளையாறு வாசகன்: அந்த 'ள' எங்கிருந்து வந்தது? தமிழ்99 விசைப்பலகை போட்டிருக்கிறீர்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: ஆமாம், நேற்றுத்தான் போட்டேன். ஆங்கில எழுத்தில் தேடினால் மலையாளக் காணொளிகளே வந்து நின்றன. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

வாளையாறு வாசகன்: அதுதான் காரணம். தமிழ்99இல் ஒய் விசை 'ள' தரும், பெட்டியைத் திறக்கும் ஓ (o) விசை 'ட' தரும். ஆகவே தமிழில் இருக்கும்போது பெட்டி திறப்பதில்லை. ஆங்கிலத்தில் திறந்துவிட்டுத் தமிழுக்கு மாறி எழுதினால், 'ள' என்ற பெயரில் எந்தத் தேடுபொறியும் இல்லாததால் முழு வரியும் கூகுளுக்குப் போய்விடுகிறது. பட்டியலில் உள்ள யூடியூப் வரியை அப்படியே நகலெடுத்து, தொடக்கத்தில் 'ஒய்'க்குப் பதிலாக 'ள' என்று மாற்றி, அதையடுத்த முக்காற்புள்ளியை விடாமல் இன்னொரு வரியாகச் சேர்த்துச் சேமியுங்கள். பெட்டி திறப்பதற்கு, விருப்பங்களில் விசைப்பலகை அமைப்பைப் பொருட்படுத்தாதே என்னும் தேர்வைக் குறியிடுங்கள். ஆனால் அது கட்டளை விசைகளுக்கு மட்டுமே, பெட்டிக்குள் எழுதும் எழுத்தை மாற்றாது.

மூத்த உறுப்பினர்: முகவரிப் பட்டையிலும் இதே சிக்கல் வந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நீட்சி தேவை என்று ஆகிவிடாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: 'ள' வரி சேர்த்தேன், நேராக யூடியூபுக்குப் போகிறது. மற்றதை நாளை பார்க்கிறேன். நன்றி.