அப்பாவுக்கு 68 வயது, ஸ்குவாட் (முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யச் சொல்லலாமா?

கெடிலக்கரை:
கடலூரில் இருக்கிறோம். அப்பா தினமும் சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நடக்கிறார், ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் இரண்டு கையையும் ஊன்றி ‘முருகா’ என்று சொல்லித்தான் எழுகிறார். வெஸ்டர்ன் டாய்லெட் போட்டதிலிருந்து குத்துக்காலிட்டு உட்காருவதே இல்லை. ஸ்குவாட் செய்தால் முட்டி தேய்ந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. உண்மையா?

உப்பளம்:
மாமா பேச்சை விடுங்கள். முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கே தொடையைப் பலப்படுத்தும் பயிற்சிதான் முதலில் சொல்கிறார்கள். நடப்பது நெஞ்சுக்கு நல்லது, சமதரையில் நடந்தால் தொடைக்குப் பெரிய வேலை கிடையாது, அறுபதுக்கு மேல் தசை வேகமாகக் கரையும், அதற்குப் பாரம் கொடுத்தால்தான் நிற்கும், நம் உடம்பே போதுமான பாரம்.

என் அம்மாவுக்கு (72) நாற்காலியில் ஆரம்பித்தோம். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கிப் பின்னால் போய்விட்டது, நல்லவேளை நான் பிடித்துக்கொண்டேன். அப்புறம் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே ஒரு தலையணை. கையை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும். எழுவதைவிட உட்காருவதில்தான் விஷயமே இருக்கிறது: தொப்பென்று விழாமல் மனசுக்குள் மூன்று எண்ணி இறங்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். முதல் வாரம் ஐந்து தடவைதான். இப்போது பஸ் படி ஏற என் தோளைத் தேடுவதில்லை.

வெள்ளைநகரம்:
தோப்புக்கரணத்துக்கு எதற்கு இங்கிலீஷ் பெயர்? மணக்குள விநாயகருக்குத் தினம் பத்து போட்டால் போதும் 😄

உப்பளம்:
அசைவு அதேதான் சார். ஆனால் இரண்டு கையும் காதில் இருக்கும்போது தடுமாறினால் எதைப் பிடிப்பார்? நாற்காலி பழகட்டும், பிள்ளையார் காத்திருப்பார்.

முதுநகர்:
ஒன்று மட்டும். தொடை இரண்டு நாள் வலித்தால் பரவாயில்லை, முட்டி வீங்கினாலோ சுளீரென்று குத்தினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். அப்புறம், கைப்பிடி இல்லாத நாற்காலியில் 30 வினாடியில் எத்தனை தடவை எழுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். 65 முதல் 69 வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் குறைவு, கீழே விழும் ஆபத்து அதிகம்.

கெடிலக்கரை:
எண்ணினேன், 9. நடுவில் இரண்டு தடவை கை தானாகத் தொடையை ஊன்றியது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு என் மேல் கோபம், 11 என்றே சாதிக்கிறார். நாளைக்குக் காலையில் காபிக்கு முன்னால் மறுபடி எண்ணணுமாம்.