படகு வந்தும் ஏறாதவர்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மீனவர்களோடு படகில் போனவர்களில் நானும் ஒருவன். வெள்ளத்துக்குக் காரணம் என்று எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் சொல்வார்கள். ஆனால் அதன் உபரி நீர் எங்கள் பகுதியைத் தாண்டி, திருநீர்மலைப் பக்கம் வந்துதான் அடையாற்றில் சேர்கிறது. எங்களை மூழ்கடித்தது ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளிலிருந்து வந்த தண்ணீர். சரி, அது வேறு கதை.

கடலில் ஓட்டும் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். தெருவுக்குள் இன்ஜின் போட முடியாது. தண்ணீருக்கடியில் காம்பவுண்டு சுவர், கேட்டுக் கம்பி, கார் என்று எது இருக்கும் என்றே தெரியாது. கழி ஊன்றித் தள்ளுவார்கள். ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி இழுப்பார்கள். எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று காட்டுவது என் வேலை.

"குழந்தை இருக்கு, உடனே வாங்க" என்று போனில் கதறிய வீட்டுக்குத் தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி வடியற மாதிரி இருக்கு, நாங்க வரலை. பால் பாக்கெட் இருக்கா?" இன்னொரு வீட்டில் பெரிய பெட்டிகளாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். படகுக்கார அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், ஆளை ஏத்தவா, பொட்டியை ஏத்தவா?" என்றார். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

படுத்த படுக்கையாக இருக்கும் மனைவியை விட்டு வரமாட்டேன் என்றார் ஒரு பெரியவர். அது நியாயம், கட்டிலோடு தூக்கி வந்தோம். பயத்தில் எரிந்து விழுந்தவர்களையும் நான் தப்பாக நினைக்கவில்லை. வரப்போவதில்லை என்றால் முன்பே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் வாட்ச்மேன் குடும்பம் காத்திருந்தது. குடிசை, பாத்திரம் எல்லாம் போய்விட்டது. அந்த அம்மா, "பக்கத்து வூட்டு ஆயாவ மொதல்ல கூட்டிப் போங்கண்ணா, நாங்க இருக்கோம்" என்று சொல்லி, பாதி நனைந்த பொரிப் பாக்கெட்டைப் பிரித்து எங்களுக்கு நீட்டினார்.

---

உங்கள் பதிவைப் படித்ததும் மிக்ஜாம் புயல்தான் ஞாபகம் வந்தது. 2023-இல் பள்ளிக்கரணைப் பக்கம் நாங்கள் போனிலேயே எல்லாம் கேட்டுவிடுவோம்: எத்தனை பேர், எந்த மாடி, நடக்க முடியாதவர்கள் உண்டா, கிளம்பி வருகிறீர்களா, சாப்பாடு மட்டும் போதுமா. பெரும்பாலும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். ஒரு தம்பி மட்டும் "கண்டிப்பா வர்றோம்ணே" என்று சொல்லிவிட்டு, படகு வாசலுக்கு வந்ததும் கேட்டான்: "அண்ணே, பைக்கையும் ஏத்திக்கலாமா? இன்னும் ட்யூ முடியல."