2005 ஹோண்டா சிபிஆர் 600ஆர்ஆர் பைக்: சீட்டுக்கு அடியில இருக்குற சைலன்சர கீழ எறக்கலாமா? உதவி பண்ணுங்க

ரோஸ்ஹில்_ரைடர்:
எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல எடுத்த வண்டி. நேர் ரோட்டுல அருமையா போகுது, ஆனா நம்ம மொரிசியசுல காஸ் நோயால்ல இருந்து சமரேல் ஏறுற வளைவுங்கள்ல இடது பக்கம் சாச்சுட்டு உடனே வலது பக்கம் திருப்பணும்னா வரமாட்டேங்குது, நடுவுல நிமிந்தே நிக்குது, அப்புறம் திடீர்னு தொப்புன்னு சாயுது. ஒர்க்‌ஷாப்ல "வெயிட் மேல இருக்கு, சைலன்சர வலது பக்கம் கீழ எறக்கிரலாம்"ங்குறாங்க. வீட்டம்மாவும் பின்சீட்டு சுடுதுன்னு சொல்றாங்க. இந்த பின்பக்க அழகுக்காகத்தான் வண்டியே எடுத்தேன், மனசு வரல.

பழைய_மெக்கானிக்:
தம்பி, அவங்க சொன்னது தப்பில்ல. உசரத்துலயும் வால் கோடியிலயும் கனம் இருந்தா சாய்க்கவும் திருப்பவும் கூட பலம் வேணும், கம்பு நுனியில கல்ல கட்டி ஆட்டிப் பாருங்க, புரியும். அதனாலதான் ஹோண்டா 2008 ஃபயர்பிளேடுல சைலன்சர கீழ கொண்டு வந்துச்சு, டிரையம்ப் டேடோனா 675 பைக்குல 2013ல எறக்குனாங்க, யமஹா ஆர்1 2015ல. ஆனா உங்க 600ஆர்ஆர் 2003ல இதே அமைப்போட வந்து அந்த வருசத்துல இருந்து 2008 வரைக்கும் வேர்ல்ட் சூப்பர்ஸ்போர்ட் ரேஸ் பட்டத்த விடாம அடிச்ச வண்டி, இப்ப வர்ற மாடல்லயும் சைலன்சர் சீட்டுக்கு அடியிலயேதான் இருக்கு. நிமிந்து நின்னு தொப்புன்னு விழுதுன்னா எனக்கு பின் டயர் மேலதான் சந்தேகம். ஒரு ஸ்கேல டயர் மேல குறுக்க வச்சு பாருங்க, நடுவுல தட்டையா ஒக்காந்தா அதான் கோளாறு. டயர்ல காத்து, ஓட்டி சூடாகறதுக்கு முன்னாடி, முன்ன 36, பின்ன 42 பிஎஸ்ஐ இருக்கணும். முன்சக்கரத்த தூக்கி ஹேண்டில்பார மெதுவா திருப்புங்க, நடுவுல கொக்கி மாதிரி புடிச்சா ஸ்டீரிங் பேரிங் போச்சு.

மாஹேபூர்க்_600:
நான் எறக்கினவன் அண்ணா, என் அனுபவத்த கேளுங்க. வண்டி லேசா திரும்புறது உண்மை, ஆனா ஆள ஏத்திக்கிட்டு பள்ளத்துல விழுந்தப்ப குழாய் ஸ்விங்ஆர்ம்ல (பின்சக்கரத்த தாங்குற கை) இடிச்சு பளபளன்னு ஒரு தேய்மானம், வலது பக்கம் நல்லா சாச்சா குழாய் ரோட்ட உரசுது, வாலுக்கு அடியில பெரிய ஓட்டை, அத மூட தனியா பிளாஸ்டிக். அழகுன்னு பாத்தா 1994ல வந்த டுகாட்டி 916 மாதிரி ரெண்டு பக்கமும் காலியா, பின்டயர் முழுசா தெரியுற வண்டிய நான் கெடுத்துட்டேன், இப்பவும் மனசு ஆறல.

ரோஸ்ஹில்_ரைடர்:
ஸ்கேல் வச்சேன் அண்ணா! நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு மேசை மாதிரி தட்டை, காத்து பின்னாடி 30தான். புது 180/55 சைஸ் பின் டயர் போட்டு நேத்து சமரேல் போனேன், பாத்த பக்கம் வண்டி போகுது. சைலன்சர் அங்கயேதான் இருக்கும். சீட்ட கழட்டினா உள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி கொப்பளிச்சிருக்கு, சூடு தடுக்குற தகடு இருந்த எடத்துல ரெண்டு போல்ட் ஓட்டை மட்டும் இருக்கு.

பழைய_மெக்கானிக்:
முன்னாடி வச்சிருந்தவர் கழட்டி தூக்கிப் போட்டிருப்பார் தம்பி. அலுமினியத் தகடு வெட்டி போடுங்க, போல்டுல தடிமனான வாஷர் குடுத்து பிளாஸ்டிக்குக்கும் தகடுக்கும் நடுவுல காத்து போக எடம் விடுங்க, ஒட்டிப் போட்டா சூடு அப்படியே ஏறும். அப்பறம் வீட்டம்மாவ ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு சூடு எப்படின்னு சொல்லுங்க.