எக்கோடோன்: 'திணைமயக்கம்' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

இரண்டு சூழல்கள் சந்திக்கும் ஓரப்பகுதியான எக்கோடோனுக்கு (ecotone) தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்த 'திணைமயக்கம்' காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்காப்பியம் திணை மயங்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியிலேயே 'நிலனொருங்கு மயங்குதல் இன்று' என்று கதவைச் சாத்திவிடுகிறது. அங்கே மயங்குவது ஒழுக்கம். நாம் பெயர் தேடுவதோ நிலமே மயங்கும் இடத்துக்கு. இதற்கே அக்கா சொன்ன 'இடைநிலைப் பகுதி' பிழையில்லை, கொஞ்சம் வெளிறிய சொல். காடு வளரும் படிகளையும் இடைநிலை என்றுதான் எழுதுகிறோம், மாணவர்கள் குழம்புவார்கள்.

எங்கள் பக்கத்துப் பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள சதுப்பு. வாய்க்கால் ஓரத்தில் முட்டுவேர் ஊன்றிய சுரபுன்னை, அதன் பின்னால் மூச்சுவேரோடு வெண்கண்டல், மேட்டுப் பக்கம் தில்லை, உமரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். இரு பக்கத்து உயிர்களும் இங்கே உண்டு. கடலில் பிறந்த வெள்ளை இறால் குஞ்சு உள்ளே வந்து வளரும், வயல் கொக்கு மேய வரும். சுரபுன்னையோ வயலுக்கும் சொந்தமில்லை, ஆழ்கடலுக்கும் சொந்தமில்லை. இந்த மூன்றாம் தரப்புக்கும் சொல்லில் இடம் வேண்டும்.

என் பரிந்துரை 'சூழற்சந்தி'. நாலு தெருக்காரர்களும் வந்து போகிற சந்தியில், அங்கே மட்டுமே பிழைக்கிற டீக்கடையும் இருக்கும் அல்லவா? அப்படி அந்த ஓரத்திலேயே மிகுந்து வாழ்பவை 'சந்திவாழ் உயிரிகள்'. ஓரங்களில் பல நேரம் உயிரின வகையும் எண்ணிக்கையும் கூடுவதை 'விளிம்பு விளைவு' என்றே விட்டுவிடலாம். 'நிலம்' என்று முடிகிற சொல் வைத்தால், நீரே மிகுந்த கழிமுகத்தில் இடிக்கும், இது இடிக்காது. கிரேக்க மூலத்தில் 'டோனோஸ்' என்றால் இழுவிசை. அதையும் இழுத்துக்கொண்டு வர வேண்டுமா என்ன?

*

தம்பி,

'சூழற்சந்தி' பற்றிப் புதுச்சேரியிலிருந்து ஒரு தயக்கம். இலக்கணச் சந்தியோடு குழம்பும், 'சந்தி சிரிக்கும்' என்று கேலி வரும், அதெல்லாம் பழகிவிடும். ஆனால் சந்தி என்றதும் ஒரு புள்ளிதான் மனதில் வருகிறது. எக்கோடோனுக்கு அகலம் உண்டு. ஊசுட்டேரிக் கரையில் தண்ணீர், கோரை, புல்தரை என்று மெல்ல மெல்ல மாறுகிறதே, அதில் சந்தி எது?

அப்படிப் படிப்படியாக மாறுவதை எக்கோகிளைன் என்று பிரித்துச் சொல்வார்கள். அதற்குச் 'சூழற்சரிவு' என்று வைத்துக்கொண்டால், சட்டென மாறும் ஓரத்துக்குச் 'சூழற்சந்தி' எனக்குச் சம்மதம். அப்புறம், 'வாழ்' எதற்கு? 'சந்தி உயிரிகள்' போதும்.