எஃப்டி ஆர்எக்ஸ்-7-க்குள் எல்எஸ்1: டி56 போடுவதா, சிடி009 போடுவதா?

சுழலி93:
என்னுடையது 1993 மஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி மாடல். ரோட்டரி எஞ்சினில் கம்ப்ரஷன் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு எல்எஸ்1 வாங்கி வைத்திருக்கிறேன், 5.7 லிட்டர் வி8. கியர்பாக்ஸ்தான் முடிவாகவில்லை. 2000 கமாரோவிலிருந்து கழற்றிய டி56 ஒன்று விலைக்கு வருகிறது. அதில் பாதி விலைக்கு நிஸான் 350இசட்-டின் சிடி009 கிடைக்கிறது. இரண்டுமே ஆறு கியர். பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் (டிஃப்) மஸ்டாவின் 4.10 விகிதம், அதை மாற்றும் எண்ணம் இல்லை. தினமும் வேலைக்கு ஹைவேயில் போகிற வண்டி, எப்போதாவது டிராக்.

கியர்மணி:
சிடி009, யோசிக்கவே வேண்டாம். 350இசட்-டில் முதலில் வந்த பாக்ஸ்களில் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தொல்லை இருந்தது. அதைச் சரிசெய்து வந்ததுதான் இது. டிரிஃப்ட் ஆட்கள் பெரிய டர்போ எஞ்சின்களுக்குப் பின்னால் போட்டு வருடக்கணக்கில் அடிக்கிறார்கள். டி56 நல்ல பாக்ஸ்தான், ஆனால் நீங்கள் வாங்கப்போவது 25 வருடப் பழசு. கியரை மாற்றித் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க்கில் இருக்கும் பிளாஸ்டிக் பேட் தேய்ந்திருக்கும், 3-ஆவது, 4-ஆவது கியரின் சின்க்ரோ கீ உடைந்திருக்கலாம். திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பழைய_ஸ்பேனர்:
மணி, பலம் சரி. பல் கணக்கை, அதாவது கியர் விகிதத்தைப் பார்த்தீர்களா? சிடி009-இன் முதல் கியர் 3.79. அதை 4.10-ஆல் பெருக்கினால் 15.5. தொழிற்சாலை டயர் அளவில் 6000 ஆர்பிஎம் போனாலும் 46 கிலோமீட்டர் வேகம்தான் வரும். எல்எஸ்1 கீழேயே இழுக்கிற எஞ்சின். சிக்னலில் கிளம்பி குறுக்குச் சாலையைத் தாண்டுவதற்குள் இரண்டாவது போட வேண்டியிருக்கும். டி56-இல் முதல் கியர் 2.66, அதே 6000-இல் 65 கிலோமீட்டர் போகும்.

ஆறாவதையும் பாருங்கள். சிடி009-இல் 0.79, 100 கிலோமீட்டர் வேகத்தில் 2700 ஆர்பிஎம். டி56-இல் 0.50, அதே வேகத்தில் 1700. தினமும் ஹைவே என்று தம்பியே சொல்கிறார். அந்த ஆயிரம் சுற்று பெட்ரோலிலும் தெரியும், காதிலும் தெரியும்.

கியர்மணி:
கணக்கை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் அது 4.10-இன் குறை, பாக்ஸின் குறை இல்லை. ஃபோர்டு 8.8 டிஃபரன்ஷியலை 3.27-இல் போடட்டும். முதல் கியர் 12.4-க்கு வந்துவிடும், 100-இல் 2200 ஆர்பிஎம்தான். மஸ்டா டிஃபை விடப் பலமும் கூடுதல்.

பழைய_ஸ்பேனர்:
போடலாம். அப்புறம் ஆக்ஸில், மவுண்ட், புரப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டும். சிடி009-இல் பெல்ஹவுசிங் (கிளட்சை மூடி எஞ்சினோடு சேரும் கூடு) பாக்ஸோடு சேர்ந்தே வார்த்தது. எல்எஸ்ஸோடு சேர அடாப்டர் பிளேட் வேண்டும், இல்லையென்றால் பெல்லை அறுத்து வேறு பொருத்த வேண்டும். பாதி விலையில் மிச்சம் பிடித்த பணம் இதிலேயே கரைந்துவிடும். கமாரோவில் டி56 எல்எஸ்1-க்குப் பின்னால்தான் வந்தது, போல்ட் போட்டால் உட்காரும்.

கிளட்ச்_கட்டை:
நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். எந்தப் பாக்ஸ் ஆனாலும் பெல்ஹவுசிங் எஞ்சினின் மையத்தோடு நேராக இருக்கிறதா என்று அளக்காமல் மாட்டாதீர்கள். நான் அளக்காமல் மாட்டினேன். இரண்டாவது கியர் கரகரவென்று உரசிக்கொண்டே விழும். சின்க்ரோதான் என்று நினைத்து இரண்டு முறை பாக்ஸைப் பிரித்தேன். கடைசியில் ஃப்ளைவீலில் டயல் கேஜை மாட்டி, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி, பெல்லின் நடு ஓட்டையை அளந்தால் முள் 0.4 மில்லிமீட்டர் ஓடியது. 0.13-க்குள் இருக்க வேண்டியது. பெல்லைச் சற்று நகர்த்தி உட்காரவைக்கும் ஆஃப்செட் டவல் பின் போட்டு நேராக்கிய அன்றே கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அடாப்டர் பிளேட் வந்தால் இப்படி மையம் தவற இன்னும் ஓர் இடம் சேருகிறது. அதனால் என் ஓட்டு டி56-க்கு.

கியர்மணி:
பழசைத் திறக்காமல் வாங்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஃபோர்க் பேட், சின்க்ரோ கீ இரண்டுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

பழைய_ஸ்பேனர்:
அதில் மணி சொல்வது முழுக்கச் சரி. இன்னொன்று தம்பி, மஸ்டாவில் கியர்பாக்ஸையும் டிஃபையும் ஒரு நீளச் சட்டம் பிணைத்திருக்கும். அது போய்விடும் என்பதால் டிஃபின் மூக்கைப் பிடிக்கத் தனி பிராக்கெட் வேண்டும். டி56-இல் ரிவர்ஸ் தவறுதலாக விழாமல் தடுக்கும் ரிவர்ஸ் லாக்அவுட் சோலனாய்டுக்கும் வயர் இழுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் லீவரை முரட்டுத்தனமாகத் தள்ளித்தான் ரிவர்ஸ் போட வேண்டும்.

சுழலி93:
ரொம்ப நன்றி. டிஃபைத் தொடும் அளவுக்கு இப்போது கையில் பணம் இல்லை, அதனால் டி56தான். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். பாக்ஸைத் திறந்து காட்ட ஒத்துக்கொண்டால்தான் முன்பணம். டயல் கேஜ் இன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன்.