ட்ரூ ஓ பீஷும் எஸ்பெராந்தோவின் தொப்பி எழுத்துகளும்

ரோஸ் ஹில்லிலிருந்து:

எல்லா நாட்டினருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியைப் படிக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இலக்கணம் சுலபமாகவே வந்தது. தட்டச்சுதான் படாத பாடு படுத்தியது. 1887-இல் அதை உருவாக்கிய சாமென்ஹாஃப் வார்சாவில் வெளியிட்ட இந்த மொழிக்கு 28 எழுத்துகள். அவற்றில் ஆறுக்கு மேலே குறி உண்டு: சி, ஜி, எச், ஜே, எஸ் ஐந்துக்கும் தொப்பி, யூவுக்கு மட்டும் பிறை. குறி விட்டுப்போனால் சொல்லே மாறிவிடும். 'ஷாத்தி' என்றால் பிடித்திருப்பது. தொப்பியை எடுத்தால் அது 'சாத்தி', அதாவது வயிறு நிறைவது. கோவிலில் வாழையிலையில் போடும் ஏழு கறி எனக்குப் பிடிக்கும் என்று எழுத நினைத்து, வயிறு நிறைந்தது என்று எழுதியிருக்கிறேன்.

அப்புறம் எக்ஸ் முறையைக் கற்றுக்கொண்டேன். எஸ்பெராந்தோவில் எக்ஸ் என்ற எழுத்தே கிடையாது. அதனால் குறி வேண்டிய எழுத்துக்குப் பின்னால் ஓர் எக்ஸ் போட்டு எழுதி, கடைசியில் 'மாற்றி' என்ற எழுத்து மாற்றும் நிரலில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

பிரேசிலிலிருந்து ஒரு தம்பதி, பேனா நண்பர்கள், மொரிசியஸ் வருவதாக இருந்தார்கள். ட்ரூ ஓ பீஷ் என்ற கடற்கரை ஊரில் தங்கலாம், எங்கெங்கே போகலாம் என்று இரண்டு பக்கம் எழுதி, முழுவதையும் மாற்றியில் போட்டு அனுப்பினேன். பதில் வந்தது: "ட்ரூவில் தங்குவதா, பீஷில் தங்குவதா? எது நல்லது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அனுப்பியதைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. நம் பிரெஞ்சு ஊர்ப்பெயர்களில் நாம் 'ஓ' என்று சொல்வது எழுத்தில் ஏ, யூ, எக்ஸ். மாற்றி அந்த எக்ஸை எடுத்துவிட்டு யூவின் தலையில் பிறையை வைத்துவிட்டது. அது எஸ்பெராந்தோவில் முழுச்சொல். நம் ஔ போன்ற உச்சரிப்பு, பொருள் 'அல்லது'. ட்ரூ அல்லது பீஷ்! இல் ஓ சேர் தீவு, கியூர்பிப் எரிமலை வாயான ட்ரூ ஓ சேர் எல்லாவற்றுக்கும் இதே கதி. வியூ கிராண்ட் போர் பெயரிலும் எக்ஸ் போய்ப் பிறை வந்திருந்தது.

இதே கூத்தைத் தமிழிலும் பார்த்திருக்கிறேன். ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் அடித்த கோவில் அழைப்பிதழை யூனிகோடுக்கு மாற்றியபோது, நடுவில் இருந்த பிரெஞ்சு முகவரி தமிழ் எழுத்துக் குப்பையாகிவிட்டது. அடுத்த மொழியின் எழுத்தை இரவல் வாங்கி எழுதினால், அந்த மொழி பக்கத்தில் வரும்போது மாட்டிக்கொள்கிறோம். நம் தீவில் எந்தப் பக்கத்தில்தான் இரண்டு மொழி இல்லை?

கியூர்பிப்பிலிருந்து:

தம்பி, என் கதை வேறு. என்னுடையது பிரெஞ்சு விசைப்பலகை. பி எழுத்துக்கு வலப்பக்கம் தொப்பிக்கென்றே ஒரு விசை இருக்கிறது, கவலை இல்லை என்று நினைத்தேன். விண்டோஸில் அதை அழுத்திவிட்டு சி அடித்தால் தொப்பி தனியாக, சி தனியாக விழுகிறது. யூ அடித்தால் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அதுதான் என்னை ஏமாற்றியது. யூவுக்கு வேண்டியது பிறை, தொப்பி அல்ல. சின்ன எழுத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வருடம் தப்பாகவே எழுதியிருக்கிறேன். 'இன்று' என்ற பொருள் தரும் 'ஹோதியவ்' என்ற சொல்லை என் குறிப்பேட்டில் தேடினால் ஒன்றுகூட அகப்படவில்லை. பக்கத்துக்குப் பக்கம் எழுதிய சொல்! அன்று உண்மையாகவே அழுகை வந்தது.

ட்ரியோலேயிலிருந்து:

நான் லினக்ஸ்காரன். அதே பிரெஞ்சு விசைப்பலகையில் இங்கே தொப்பி விசையும் சியும் அடித்தால் ஒழுங்காகச் சேர்ந்து வரும். பிறைக்கு, அடுத்தடுத்த விசைகளை ஓர் எழுத்தாகச் சேர்க்கும் கம்போஸ் விசை, பிறகு பி, யூ. தம்பி, எக்ஸுக்குப் பதில் எச் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொப்பி எழுத்து இல்லாத அச்சகங்களுக்காக 1905-இல் வந்த, எஸ்பெராந்தோவின் அடிப்படை நூலான 'ஃபுந்தமெந்தோ'விலேயே அதற்கு அனுமதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விமான நிலையத்துக்கான 'ஃப்ளுக்ஹவேனோ' என்ற சொல்லில் ஜியும் எச்சும் இயல்பாகவே அடுத்தடுத்து வருகின்றன. மாற்றி அதை ஒரே எழுத்தாக்கிவிடும். பிளெசான்ஸ் விமான நிலையத்தில் வந்து இறங்குங்கள் என்று எழுதும்போது எனக்கு நடந்தது இது.

ரோஸ் ஹில்லிலிருந்து:

நன்றி அண்ணா. நான் இப்போது விண்டோஸில் தாய்ப்பி என்ற சிறு செயலியைப் போட்டிருக்கிறேன். அடிக்க அடிக்கவே எழுத்து மாறுகிறது. ஊர்ப்பெயர் வரும்போது அணைத்துவிடுகிறேன். வேர்டில் 0109 என்று அடித்து ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தினாலும் தொப்பி வைத்த சி வரும், ஒன்றிரண்டு எழுத்துக்கு அது போதும். அந்த இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து அடித்து அனுப்பிவிட்டேன்.

அக்கா, உங்கள் குறிப்பேட்டைத் திருத்தும்போது தொப்பி வைத்த யூ எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். நடுவில் பிரெஞ்சில் ஆகஸ்ட் மாதத்தை எழுதியிருந்தால் அதற்கு அந்தத் தொப்பி வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.