தண்டையார்பேட்டையில் பழைய வீட்டின் மேல் மாடி எடுக்க அனுமதி

தேன்மொழி:
வணக்கம். அப்பா 1984இல் கட்டிய தனி வீடு. இடம் 1,100 சதுர அடி, வீடு 750. தம்பிக்குத் தை மாதம் கல்யாணம். வாடகைக்குப் போகிறேன் என்கிறான், அம்மாவுக்கு மனசில்லை. மேலே இரண்டு அறையும் சமையலறையும் எடுத்தால் ஒரே வாசலில் இருந்துவிடலாம். பழைய பிளான், நீலத்தாள், பீரோவில் கிடைத்தது. பின்பக்கம் அப்புறம் சேர்த்த ஸ்டோர் ரூம் அதில் இல்லை. "ஒன்பது இன்ச் சுவரும்மா, தாராளமா தாங்கும், பர்மிஷனை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் மேஸ்திரி. பாத்ரூம் மேலே பூச்சு உப்பி நிற்பதைப் பார்த்தால் எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கே தொடங்குவது?

சேகர், வியாசர்பாடி:
அவசரப்படாதீங்கம்மா. நாங்கள் அனுமதி வாங்காமல் செங்கல் இறக்கினோம். பக்கத்து வீட்டில் புகார் கொடுத்தார்கள், வேலை நின்றது. சிமென்ட் மூட்டை எல்லாம் கல்லாய் இறுகிப்போனது.

அளவில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. எஃப்.எஸ்.ஐ. (இடத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2 என்றால் 2,200 சதுர அடி வரை வரும். 2024 ஜூலையில் சுயசான்று முறை (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுப்பது) வந்தது: இடம் 2,500, கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனிலேயே அனுமதி. எந்த வழியில் போனாலும் இருக்கிற வீட்டை அப்படியே வரைந்து காட்டுங்கள், அந்த ஸ்டோர் ரூமையும் சேர்த்து. மறைத்தால் பேங்க் லோன் நேரத்தில் மாட்டும். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் ஒரே பெயரில் இருக்கிறதா? அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் வாரிசுச் சான்று, பெயர் மாற்றம்.

கலைவாணி, கட்டடப் பொறியாளர்:
சுயசான்று என்றால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். ஆகவே முதலில் வீட்டு மூலையில் குழி தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், அகலம் என்று பாருங்கள். கடல் காற்றில் கம்பி சீக்கிரம் அரிக்கும். உப்பிய பூச்சைத் தட்டி உள்ளே பாருங்கள். சுவர் தாங்காது என்றால் வெளியே தனித் தூண் எழுப்பி, பீம் போட்டு, பாரத்தை அதில் இறக்கலாம். செலவு கூடும்தான். கீழே தூங்கப்போவது உங்கள் அம்மா.

தேன்மொழி:
நேற்று இன்ஜினியர் வந்தார். சுத்தியல் பட்டதும் கையகலப் பூச்சு விழுந்தது. கம்பி துருவேறி, வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. தனித் தூண்தான் என்று முடிவு. பட்டா இன்னும் அப்பா பெயரில். திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போகிறேன். தம்பி ஒரு வருடம் பக்கத்துத் தெருவில் இருக்கட்டும், தினமும் சாப்பாடு இங்கிருந்து போகும் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.